பூக்குழியில் சுடாத கால்

மலேசியாவில், ஜொகூர் பக்கத்துக் கெலாங் பாத்தாவில் கடைவீட்டு மாடியில் இருக்கும் அந்தச் சின்ன ரத்தப் பரிசோதனை லேப்பில் கஸ்தூரியின் கைக்கு ஒரு பெயர் உண்டு. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம் வைப்பாள். இன்னொரு தகட்டைச் சாய்த்துப் பிடித்து அந்தச் சொட்டைத் தொட்டு, ஒரே தள்ளு. அவ்வளவுதான். ரத்தம் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறு பக்கம் மெல்ல மெல்ல கரைந்துபோகிற மாதிரியும் பரவி நிற்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகத் தெரியும். மற்றவர்கள் செய்தால் திட்டுத் திட்டாக வரும். "என்னம்மா இது, தோசைக்கு மாவு ஊத்துனியா?" என்று கேட்டுவிட்டு, அதைக் குப்பையில் போட்டுப் புதிதாக ஒன்று தானே இழுத்துக் காட்டுவாள். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. கைக்கு வயசாகவில்லை. வாய்க்கும்தான்.

வேடிக்கை என்னவென்றால், சின்ன வயசில் ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற பிள்ளை அவள். செம்பனைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எவனோ முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தான், இவள் பெஞ்சோடு சாய்ந்தாள். நர்ஸ் வேலைக்கு எழுதிப் போடச் சொன்ன அப்பாவிடம், "நர்ஸ்னா ஆளையும் பாக்கணும் ரத்தத்தையும் பாக்கணும். லேப்ல ரத்தத்தை மட்டும் பாத்தா போதும். டியூப்ல இருக்கற ரத்தம் அழாது" என்று சொல்லிவிட்டு லேப் படிப்புக்குப் போனாள். சொன்ன நியாயம் அப்பாவுக்குப் புரிந்ததோ என்னவோ, கையெழுத்துப் போட்டார்.

புருஷனைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். பஸ் லைசென்ஸுக்கு மெடிக்கல் எடுக்க வந்த கமலநாதன் என்கிற வாட்டசாட்டமான ஆள், ஊசியை எடுப்பதற்கு முன்னாலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முடிஞ்சிருச்சா மிஸ்?" என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதே மாதத்தில் அவர் இன்னும் இரண்டு தடவை ரத்தம் கொடுக்க வந்தார். யாரும் எழுதிக் கொடுக்காத டெஸ்ட். மூன்றாவது தடவை, "உங்களுக்கு ரத்தம் தீந்துடப் போவுது, நேரா விஷயத்துக்கு வாங்க" என்றாள். கல்யாணம் ஆனது.

இப்போது இருவரும் பெக்கான் நானாஸில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கமலநாதனுக்கு ஐம்பத்து மூன்று வயது. அங்கிருந்து கெலாங் பாத்தா பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகிற பஸ் ஓட்டுகிறார். விடியற்காலை ஒரு நடை, ஏழு மணிக்கு ஒரு நடை, சாயங்காலம் திரும்பி வர ஒரு நடை. ஏழு மணி நடையில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு கஸ்தூரிக்கு. முப்பத்தெட்டுப் பேர் பின்னால் தூங்க, முன்னால் இவர்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே போவார்கள். "அக்கா பேசுற சத்தம் இல்லன்னா எனக்குத் தூக்கமே வராது லா" என்று ஒரு தொழிற்சாலைப் பிள்ளை சொன்னதாகக் கேள்வி.

கமலநாதனுக்கு ஒரு பெருமை உண்டு. அவர் குடும்பத்தில் எல்லாருக்கும் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. அப்பாவுக்கு இருந்தது. அண்ணன்மார் இரண்டு பேருக்கும் இருக்கிறது. பெரிய அண்ணனுக்குக் கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். இவர் ஒருத்தர்தான் தப்பினார். தப்பினதற்குச் சாட்சி, பெண்டாட்டி லேப்பே கொடுத்த காகிதம்.

விஷயம் இப்படி. சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் வரவேண்டும். இவரோ விடியற்காலையிலேயே ஒரு தே தாரிக் டீயும் இரண்டு ரொட்டி சானாய் பரோட்டாவும் உள்ளே போகாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். பட்டினி கிடக்கச் சொன்னால் சண்டை. அதனால் கஸ்தூரி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட். அதற்குப் பட்டினி வேண்டாம். சிவப்பு அணு ஒன்று உடம்பில் ஏறக்குறைய நான்கு மாதம் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றுகிற காலத்தில் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை அதன்மேல் ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் மூன்று மாதக் கணக்கு தெரிந்துவிடும். ஆறரைக்கு மேல் போனால் இனிப்பு நீர். கமலநாதனுக்கு நாலு புள்ளி ஏழு. மறுவருஷமும் நாலு புள்ளி ஏழு. அதற்கடுத்த வருஷம் நாலு புள்ளி ஆறு.

அதற்கப்புறம் ஆளைப் பிடிக்க முடியுமா? அந்தக் காகிதத்தைப் படம் பிடித்துக் கைப்பேசி முகப்பில் வைத்துக்கொண்டார். கல்யாண விருந்தில் அண்ணன்மார் கேசரியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் இலையில் இரண்டாவது கரண்டி விழும். "எனக்கென்ன, நாலு புள்ளி ஆறு!" சிரப் பண்டோங் சர்பத் ஒரு கிளாஸ் போதாது, இரண்டு. கஸ்தூரியும் சும்மா இல்லை. "என் புருஷனுக்கு ஒன்னுமில்ல" என்று அவளும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

போன ஆடியில் மாரியம்மன் கோயில் திருவிழா. கமலநாதன் பத்தொன்பது வருஷமாகப் பூக்குழி இறங்குகிறவர். காப்புக் கட்டிக்கொண்டால் கறி, மீன் எதுவும் கிடையாது. பாயில்தான் படுக்கை. அந்த விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு தணலில் இறங்கியவர், மற்றவர்கள் மாதிரி ஓடவில்லை. நடந்தார். பூங்காவில் காற்று வாங்குகிற மாதிரி நடந்து பால் குழியில் இறங்கி நின்று, கண்ணில் தண்ணீர் வழிய, "இந்த வருஷம் சுடவே இல்ல! ஆத்தா பூவாவே ஆக்கிட்டா!" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கஸ்தூரியும் போட்டுக்கொண்டாள். தன் புருஷன் பக்திக்குக் கிடைத்த பலன் என்றே நம்பினாள்.

நாலு நாள் கழித்து அவருடைய காலுறையைத் துவைக்கப் போட்டபோது அடிப்பக்கத்தில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை. மோந்து பார்த்தாள். லேப்காரி மூக்கு, தப்புமா?

"என்னங்க, காலைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா காட்டுங்க!"

வலது பாதத்தின் நடுவே ஐம்பது சென் காசு அளவுக்குத் தோல் கிழிந்து புண் ஆறாமல் கிடந்தது. கமலநாதன் குனிந்து பார்த்துவிட்டு, "அலமாக், இது எப்போ வந்துச்சு?" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. கஸ்தூரி பேனாவை எடுத்து முனையால் அவர் கட்டைவிரலை அழுத்தினாள்.

"தெரியுதா?"

"எது?"

இன்னும் அழுத்தினாள். அவர் பேனாவைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி பேனாவைக் கீழே வைத்தாள். பெரிய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முள் குத்தியது தெரியவில்லை, புண் தெரியவில்லை, கடைசியில் விரல் போனது. அதுவும் இந்தக் கால் பிரேக் மிதிக்கிற கால். முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் உயிர் அந்தப் பாதத்துக்கு அடியில் இருக்கிறது.

அன்றைக்கே புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டாள். மறுநாள் சாயங்காலம் கிளினிக் என்று அடித்துச் சொல்லிவிட்டு, ரத்தமும் எடுத்துக்கொண்டாள். காலையில் லேப்புக்குள் நுழைந்ததும் பையைக்கூட வைக்காமல் மிஷினில் ஏற்றினாள். கடவுளே, இந்தத் தடவை பத்து பதினொன்று என்று வந்தால்கூடப் பரவாயில்லை, மருந்து இருக்கிறது. வந்தது நாலு புள்ளி எட்டு.

லேப்பில் அவளுக்கு மூத்தவர் திருச்செல்வம். அவர் எட்டிப் பார்த்து, "நல்ல செய்திதானே கஸ்தூரி? ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார்.

"கால் மரத்துப் போயிருக்கு அண்ணே. சர்க்கரை இல்லாம எப்படி மரக்கும்?"

"வேற எத்தனையோ காரணம் இருக்கலாம் லா."

இருக்கலாம்தான். ஆனால் கோபம் வந்தால் கஸ்தூரியால் சும்மா உட்கார முடியாது, கைக்கு வேலை கொடுக்கவேண்டும். மிச்சமிருந்த ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்துத் தகட்டில் இழுத்தாள். மூன்று வருஷத்தில் கமலநாதனின் ரத்தத்தை அவள் தகட்டில் இழுப்பது அதுதான் முதல் தடவை. மூன்று மாதச் சர்க்கரைக்கு யாரும் தகடு போடுவதில்லை. டியூப் நேரே மிஷினுக்குப் போகும், எண் வரும், காகிதம் வரும். ஊருக்கெல்லாம் தகடு இழுத்த கை, சொந்தப் புருஷனுக்கு எண்ணை மட்டும் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது.

சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கண்ணைப் பொருத்தினாள். சிவப்பு அணு வட்டமாக இருக்கவேண்டும். இவை நீள்வட்டம். நாலில் மூன்று, கோழி முட்டையை அமுக்கி நீட்டினது போலக் கிடந்தன.

திருச்செல்வமும் பார்த்தார். "மழைக்காத்து, ஈரம். தகடு மெதுவா காஞ்சா செல்லு இழுத்துக்கும். உனக்கே இன்னிக்குக் கை நடுங்கியிருக்கும்."

கை நடுங்கியதா! கஸ்தூரிக்குச் சுருக்கென்றது. இன்னொரு தகடு இழுத்தாள், விசிறியால் வீசிக் காயவைத்தாள். அதே முட்டை. கோபம் தலைக்கு ஏற, தன் விரலையே குத்தித் தன் ரத்தத்தில் ஒன்று இழுத்தாள். அதே கை, அதே காற்று. அவளுடைய அணுக்கள் அழகாக, வட்டமாக உட்கார்ந்திருந்தன.

பிறகுதான் நிதானமாக மறுபடி பார்த்தாள். கை இழுத்து நீண்ட செல் என்றால் எல்லாம் தள்ளிய திசையிலேயே ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். இவையோ ஒன்று கிழக்கே, ஒன்று தெற்கே, ஒன்று குறுக்கே. கஸ்தூரியின் கை செய்த தப்பு இல்லை. கமலநாதனின் ரத்தமே அப்படி.

திருச்செல்வம் இரண்டாம் தடவை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "உன் கையைச் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோ."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. முட்டை வடிவச் செல் சிலருக்கு நாலு மாதம் தாக்குப்பிடிக்காது. பாதியிலேயே உடையும். உடைந்ததற்குப் பதில் உடம்பு புதிது புதிதாகச் செய்து அனுப்பும். புதுச் செல்லில் சர்க்கரை ஒட்ட நேரமே இருக்காது. அப்புறம் எங்கிருந்து எண் ஏறும்? முப்பத்தெட்டு வயசில் கமலநாதனுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தார்களே, எண்ணெய்ப் பலகாரம் என்று பழி போட்டார்களே, அது உடைந்த ரத்தத்தின் கசடு. கண்ணில் ஒரு மஞ்சள் இருக்குமே, தூக்கம் போதவில்லை என்று இவள் சொல்வாளே, அதுவும்தான். எல்லாம் கண் முன்னால் இருந்தது. மூன்று வருஷமாக ஒரு பொய்யான எண்ணைக் கையில் கொடுத்து, "சாப்பிடுங்க" என்று இலை போட்டுப் பரிமாறினது வேறு யாருமில்லை, அவளேதான். கஸ்தூரி கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அலமாரியிலிருந்து விரல் குத்திப் பார்க்கிற சின்ன மீட்டரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

சாயங்கால நடைக்கு பஸ் வந்து நின்றிருந்தது. உள்ளே பிள்ளைகள் யாரும் இன்னும் ஏறவில்லை. கமலநாதன் சீட்டில் சாய்ந்து அன்னாசி கடித்துக்கொண்டிருந்தார்.

"கையக் கழுவிட்டு விரலை நீட்டுங்க."

"நேத்துதானே எடுத்த?" என்று சொல்லிக்கொண்டே போத்தல் தண்ணீரில் கையைக் கழுவி நீட்டினார். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். குத்தினாள். மீட்டரில் பதினெட்டு புள்ளி ஆறு. இந்த மீட்டர் கணக்கில் சாப்பிட்ட பிறகு பதினொன்றைத் தாண்டினாலே ஆபத்து என்பது அவருக்கும் தெரியும். அண்ணன்மார் வீட்டில் பார்த்திருக்கிறார்.

"இது சும்மா பாசார் மாலாம் ராத்திரிச் சந்தைச் சாமான். உன் லேப் மிஷின் எவ்வளவு பெருசு! அது நாலு புள்ளி எட்டுன்னு காலையில நீதானே போன்ல சொன்ன, இது என்னமோ பதினெட்டுங்குது. எதை நம்புவ?"

"பெரிய மிஷின்தாங்க பொய் சொல்லிச்சு."

"மிஷின் பொய் சொல்லுமா?"

"இல்ல. நான் சொன்னேன்." கஸ்தூரி மீட்டரைப் பைக்குள் வைத்தாள். "ஒரு தகடு இழுத்துப் பாத்திருந்தா மூணு வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. தப்பு என்னுதுங்க."

கமலநாதன் அன்னாசியைக் கீழே வைத்தார். கல்யாணமான இருபத்து நாலு வருஷத்தில் அவள் வாயிலிருந்து "தப்பு என்னுது" என்று ஒரு தடவைகூட வந்ததில்லை. மீட்டரை நம்பாதவர் அதை நம்பினார். உடனே முதலாளிக்குப் போன் போட்டு மாற்று டிரைவர் கேட்டார்.

கிளினிக்கிலிருந்து ஜொகூர் பாருவில் ஒரு ரத்த நிபுணரிடம் அனுப்பினார்கள். டாக்டர் நாச்சியம்மை, செட்டிநாட்டுக் குடும்பம், மெல்லப் பேசுகிறவர். சில வாரத்தில் மரபணு டெஸ்ட்டும் வந்தது. டாக்டர் படம் போட்டு விளக்கினார். செல்லின் மேல்தோல் ஒன்று. அதற்கு அடியில் செல்லுக்கு உருவம் கொடுக்கிற புரத வலை ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது 'நாலு புள்ளி ஒன்று' என்கிற புரதம். அதன் தலைப் பக்கத்தில் மூன்று மடலாக ஒரு பகுதி, பெயர் ஃபெர்ம். அந்தப் பகுதிதான் மேல்தோலைப் பற்றிக்கொள்ளும், புரதத்தின் இன்னொரு பகுதி வலையைப் பற்றும். கமலநாதனுக்குப் பிறவியிலேயே இந்தப் புரதம் குறைச்சல்.

கமலநாதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதுவும் புரியாதபோது அவர் அப்படித்தான் ஆட்டுவார். கஸ்தூரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"இங்க பாருங்க. பஸ்ஸுக்கு மேல பாடி, கீழ சேசிஸ். நடுவுல என்ன இருக்கு?"

"போல்டு."

"பாதி போல்டு இல்லன்னா?"

"ஒவ்வொரு குழியிலயும் பாடி ஆடும். நாளாக நாளாகக் கோணிக்கும். அப்புறம் சீக்கிரமே இரும்புக் கடைக்குத்தான்."

"அதான் உங்க ரத்தம். செல்லு ஒவ்வொரு சின்னக் குழாயிலயும் நசுங்கி நசுங்கிப் போகும். போல்டு சரியா இருந்தா திரும்ப வட்டமாயிடும். உங்களுக்கு ஆகல."

டாக்டர் சிரித்துவிட்டார். "இன்னொன்னும் இருக்கும்மா. அது வெறும் போல்டு இல்ல. வெளியே இருந்து வர்ற தகவலையும் உள்ளே சேர்க்கும். இதுக்குப் பங்காளிங்க இருக்காங்க, எஸ்ரின், ராடிக்சின், மோசின்னு. எல்லாருக்கும் தலையில அதே ஃபெர்ம். மத்த செல்லுங்கள்ல அவங்க சும்மா இருக்கும்போது மடங்கிக் கிடப்பாங்க. சேதி வந்தா விரிஞ்சு, ஒரு பக்கம் தோலையும் மறு பக்கம் உள்ளே இருக்கற இழையையும் பிடிச்சுப்பாங்க."

"ஓ, மணி வயரும் அதுலயே போவுதா!" என்றார் கமலநாதன். "பின்னால எவனோ மணி அடிச்சா முன்னால நான் பிரேக் போடுற மாதிரி."

"அதேதான்," என்றார் டாக்டர். "இதை நான் எடுத்துக்கலாமா? மாணவர்களுக்குச் சொல்ல."

வெளியே வந்ததும் கமலநாதன் நாலு நம்பர் லாட்டரிக் கடைப் பக்கம் திரும்பினார். நாலும் ஒன்றும் சேர்த்து எடுக்கலாமே என்று யோசனை. கஸ்தூரி சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அதற்கப்புறம் ஒரே அமர்க்களம். மாத்திரை, புண்ணுக்குத் தினமும் மருந்துக் கட்டு, டாக்டர் சரி என்று சொல்லும் வரை பஸ் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு மாதமும் அவர் படுத்திய பாடு சொல்லி மாளாது. சாமி மாடத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்த காயா ஜாம் பன்னை கஸ்தூரி கண்டுபிடித்தாள். "ஆத்தாவுக்கு நைவேத்தியம்" என்றார். "ஆத்தாவுக்கு சர்க்கரை ஏறுனா யாரு பாக்கறது?" என்று பிடுங்கிக்கொண்டாள். மூன்று மாத எண்ணை இனி நம்ப முடியாது என்பதால், விரல் குத்தி எழுதிவைக்கிற நோட்டு ஒன்று, கூடவே சிவப்பு அணுவைச் சாராத வேறொரு ரத்த டெஸ்ட். புண் ஆறியது. பஸ்ஸும் திரும்பக் கிடைத்தது. கைப்பேசி முகப்பில் இருந்த காகிதத்தை எடுத்துவிட்டு, அந்த முட்டை வடிவச் செல்களின் படத்தை வைத்துக்கொண்டார். "எங்க வீட்டு டிசைன்" என்று எல்லாரிடமும் காட்டினார்.

லேப்பில் மிஷினுக்கு மேலே கஸ்தூரி கைப்பட எழுதி ஒட்டிய காகிதம் இன்றைக்கும் இருக்கிறது: 'மூன்று மாதச் சர்க்கரை ஐந்துக்குக் கீழே வந்தால் தகடு இழுக்கவும்.' வேலை கூடுகிறது என்று திருச்செல்வம் முனகுவார். முனகிக்கொண்டே இழுப்பார்.

இந்த ஆடியும் வந்தது. பூக்குழி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கமலநாதன் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே போய், இறங்குகிறவர்களுக்குத் தரையில் தண்ணீர் அடிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காலில் உணர்ச்சி கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாராவாரம் கஸ்தூரி பேனா முனையால் குத்திப் பார்ப்பாள். "லேசா தெரியுற மாதிரி இருக்கு" என்பார். அது நிஜமா, தன் முகத்தைப் பார்த்துச் சொல்லுகிறாரா என்று அவளுக்கு நிச்சயமில்லை. அதைக் கேட்கவும் பயம்.

பகல் பன்னிரண்டு மணி வெயில். கோயில் சிமெண்டுத் தரை கொதித்துக் கிடந்தது. "நனைஞ்ச சாக்கை விட்டுக் காலை எடுக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டு, கஸ்தூரி நிழலில் எலுமிச்சை அறுத்துக்கொண்டிருந்தாள். கமலநாதன் குழாயைப் பிடித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டுக் கேலி பேசியபடி ஓர் அடி பின்னால் வைத்தார். காய்ந்த தரை.

"ஐயோ! சுடுதுடி!"

குழாய் ஒரு பக்கம் பறக்க, ஒற்றைக் காலில் தையத்தக்கா என்று குதித்தார். தண்ணீர் பீய்ச்சி அடித்து நாதஸ்வரக்காரர்கள் நனைந்தார்கள். கோயிலே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கஸ்தூரி கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"எந்தக் கால்? எந்தக் காலுங்க?"

"வலது! சும்மா கொதிக்குது, என்னா கேள்வி கேக்கற நீ!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. குதிப்பதை நிறுத்திவிட்டுத் தன் பாதத்தைப் பார்த்தார். கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

கமலநாதன் மெதுவாக, அவள் பார்க்கும்படியாக, அந்த வலது காலைத் தரையில் இன்னொரு தடவை வைத்து உடனே எடுத்தார்.

"சுடுது கஸ்தூரி," என்றார். "நல்லாவே சுடுது."